என்விரான்மென்ட்டும் மங்காத்தம்மாவின் கிணற்றடியும்

ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவது, விசில் வந்துவிட்ட குக்கருக்குள் பருப்பைப் போடப் பார்க்கிற தொழில். மூடி திறக்காது, திறந்தால் முகத்தில் அடிக்கும்.

ஹாலில் பாய் விரித்து டியூஷன் நடத்தும் சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைக்க ஆரம்பித்திருந்தன. நேற்று வரை வேர்க்கடலை போட்ட நிலத்தில் இன்று ஒரு காம்பவுண்டு சுவர், நாளை ஒரு சங்கு. அப்படி ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் என் கணவருக்கு வேலை. பென்னலூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடித்தனம். கல்யாணமான நாளிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு ஒரே பெயர்தான்: 'ஸ்டோர்ஸ்காரர் வூட்டம்மா'. கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷ், பால்காரர் கணக்கில் தப்புப் பண்ணும்போது வாய்க்குள் முணுமுணுப்பதற்கு மட்டும் பயன்பட்டது. பிறகு கம்பெனி ஆட்கள் சிலர் சாயங்காலம் வந்து பாடம் கேட்க ஆரம்பித்தார்கள். முதல் தடவையாக ஒருவர் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட்டபோது, பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்தப் பெயரையும் என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்த கதை இது. அதற்கு நடுவில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை மாட்டிக்கொண்டு படாத பாடு பட்டது.

செடிக்கூண்டு

கம்பெனிக்குப் புது மானேஜர் பம்பாயிலிருந்து வந்தார். வந்த வாரமே எங்கே பார்த்தாலும் பச்சை பெயின்ட் போர்டு. கேன்டீனில் ஒன்று, லைனில் ஒன்று, கழிப்பறை வாசலில் ஒன்று. எல்லா போர்டிலும் 'என்விரான்மென்ட்' என்ற வார்த்தை இருந்தது. அடுத்த செய்தி: லைன் லீடர் வேலைக்கு இன்டர்வியூ, இங்கிலீஷில், மானேஜரே எடுப்பார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்காமல் விடவே மாட்டார் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு.

பேக்கிங் செக்‌ஷன் கன்னியப்பன் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். மைக் தேவைப்படாத தொண்டை. யூனியன் கூட்டத்தில் கோஷம் போட்டுப் பழகியவன், 'குட் ஈவினிங்'கையும் அப்படியே போடுவான். "என்விரான்மென்ட் என்றால் என்னவென்று உனக்குத் தெரிந்ததைச் சொல்லு" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் மானேஜர் ஒரு மரக்கன்று நட்டாராம், ஆடு கடிக்காமலிருக்கச் சுற்றி ஒரு இரும்புக் கூண்டு வைத்தாராம், கூண்டில் அந்த போர்டைத் தொங்கவிட்டாராம்.

"அந்தக் கூண்டுதான் டீச்சர் என்விரான்மென்ட்டு. செடி செத்து ஒரு வாரமாவுது, என்விரான்மென்ட்டு மட்டும் கெட்டியா நின்னுகினு கீது."

ஆடிக்கு முந்தைய நோட்டீஸ்

மங்காத்தம்மா எங்கள் வீட்டுக்காரர். முன்கட்டில் அவரும், டைலரிங் கற்றுக்கொண்டிருந்த அவர் மகள் வசந்தாவும், ஒரு பசுமாடும். கணவர் காலமானபின் தனியாளாய் நின்று வீட்டைக் கட்டிக் காப்பாற்றியவர். வாயும் அதற்குத் தகுந்தபடி. எனக்கும் வாய் உண்டு என்பதால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் ஜாக்கிரதையாகவே சுற்றி வந்துகொண்டிருந்தோம்.

டியூஷன் பையன்கள் (பையன்கள் என்றால் மீசை வைத்தவர்கள்தான், சிலருக்குப் பிள்ளைகுட்டியும் உண்டு) சைக்கிளை மாடு போகும் வழியில் சாத்துவார்கள். செருப்பை நடைபாதையில் கழற்றுவார்கள். கிணற்றடியில் கால் கழுவிச் சேறாக்குவார்கள். தினமும் மங்காத்தம்மா திட்டுவார், தினமும் அவர்கள் "சரிம்மா" என்பார்கள், மறுநாள் அதே சேறு. ஆனி மாதம் பிறந்ததும் அவர் பின்கட்டுக்கே வந்து நின்றார். வசந்தாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். பிள்ளை வீட்டார் எந்த நேரமும் வருவார்களாம். வாசலில் இத்தனை ஆண் செருப்பைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

நியாயம்தான். ஆனால் நான் வகுப்பை நிறுத்தினால் மறுபடி ஸ்டோர்ஸ்காரர் வூட்டம்மா. வேறு வீடு பார்க்கலாமென்றால், கம்பெனிகள் வந்ததிலிருந்து இங்கே மாட்டுக்கொட்டகைக்கும் வாடகைக்கு ஆள் காத்திருக்கிறார்கள். அப்படியே கிடைத்தாலும் எந்த வீட்டுக்காரர் டியூஷனுக்கு ஒப்புக்கொள்வார்? "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

"யோசன பண்றதுக்கு இன்னா கீது டீச்சரம்மா? ஆடி பொறக்கறதுக்குள்ள கிளாஸ நிறுத்து. இல்லன்னா வூட்ட வுடு. ஆடில யாரும் வூடு மாறக்கூடாது, அப்பால என்னிய கொற சொல்லாத."

சிஸ்டர் போட்ட வட்டம்

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு வார்த்தையை அரைகுறையாக விடுவதற்கு மட்டும் எந்தக் காலத்திலும் மனசு வராது. கான்வென்ட்டில் சிஸ்டர் அனஸ்தாசியா இதே வார்த்தையைக் கரும்பலகையில் விளக்கியது ஞாபகம் வந்தது. முதலில் ஒரு புள்ளி வைத்தார். சுற்றி ஒரு வட்டம் போட்டார். பழைய பிரெஞ்சில் 'விரோன்' என்றால் வட்டம், சுற்று. 'என்விரோன்' என்றால் சுற்றிலும். அது இங்கிலீஷுக்குள் வினைச்சொல்லாக நுழைந்தது: சுற்றி வளைப்பது. ஒரு கோட்டையைப் படை சூழ்ந்துகொண்டால், படை கோட்டையை 'என்விரான்' பண்ணிவிட்டது என்பார்கள். வெகு காலம் கழித்துத்தான், ஒருவன் எந்த நிலைமைக்கு நடுவில் வளர்கிறானோ அந்த நிலைமைக்கே இது பெயராயிற்று. காற்று, தண்ணீர், மரம் என்ற அர்த்தமெல்லாம் நேற்று முளைத்தவை. நான் படிக்கும்போது மரத்துக்கு மரம் என்றுதான் பெயர்.

இதையெல்லாம் கரும்பலகை இல்லாததால் அலமாரிக் கதவில் சாக்பீஸால் வட்டம் போட்டுச் சொன்னேன். கன்னியப்பன் முகத்தில் ஒரு வெளிச்சம். "டீச்சர், அப்ப இது கெரோ!" என்றான். பழைய மானேஜரைப் போனஸ் சமயத்தில் கேன்டீனில் இவர்கள் சுற்றி உட்கார்ந்து எழுந்து போக விடாமல் பண்ணியிருக்கிறார்கள். அவர் பாத்ரூமுக்குப் போக வேண்டும் என்றபோதுகூட, நாலு பேர் கூடவே சுற்றி நடந்தார்களாம், வட்டம் உடையாமல்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அர்த்தம் கிட்டத்தட்ட சரி, ஆனால் புது மானேஜரிடம் இந்த உதாரணம் வேண்டாம் என்றேன். அவனுக்கு மனசே இல்லை.

"இதைவிட நல்ல உதாரணம் எங்க டீச்சர் கெடைக்கும்? அன்னிக்கு அந்தாளுக்கு நாங்கதான் என்விரான்மென்ட்டு. காத்து, தண்ணி எல்லாம் எங்களக் கேட்டுத்தான் உள்ள போச்சு!"

கூடவே வருவது

மறுநாள் எல்லோரையும் அந்த வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். சுப்பையா திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஹாஸ்டல் மாதிரி ஒரே ரூமில் ஏழெட்டுப் பேருடன் இருப்பவன். 'மை என்விரான்மென்ட் இஸ் ஸ்னோரிங்' என்று எழுதியிருந்தான். திருத்த ஒன்றுமில்லை. டிக் போட்டேன்.

யேசுதாஸ் பக்கத்து ஊர்க்காரன். பெயின்ட் ஷாப்பில் வேலை. அதிகம் பேசமாட்டான். அவன் உட்காரும் மூலையில் தின்னர் வாசனை அவனுக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவன் எழுதியது ஒரே வரி: வீட்டுக்குப் போகும்போது என் என்விரான்மென்ட் என்னோடு பஸ் ஏறுகிறது. "சுற்றி இருப்பதுதானே என்விரான்மென்ட்? நீ கிளம்பிவிட்டால் அது அங்கேயே அல்லவா இருக்க வேண்டும்?" என்று மடக்கினேன். டீச்சர் என்றால் மடக்கத்தானே வேண்டும்.

"நானும் அப்டித்தான் டீச்சர் நெனைச்சேன். எங்கூட்டுக்காரி ஒத்துக்க மாட்டேன்றா. 'மொதல்ல அத்த கழுவிட்டு வா, அப்பால நீ வா'ங்கிறா."

அக்கா தங்கை

என் கணவர் நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் "சூழ்நிலை சரியில்லை" என்பார். ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு இல்லாவிட்டாலும் சூழ்நிலை சரியில்லை, ஊருக்குப் போக லீவு கிடைக்காவிட்டாலும் சூழ்நிலை சரியில்லை. மங்காத்தம்மாவின் நோட்டீஸைச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அதையேதான் சொன்னார்.

"சூழ்நிலை, சூழ்நிலை என்கிறீர்களே, அந்தச் சொல்லுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், தெரியுமா? சூழ்ச்சி" என்றேன். இரண்டுக்கும் ஒரே வேர், சூழ். ஒருவரைச் சுற்றி நிற்பதும் சூழ்வதுதான், ஒருவருக்காகத் திட்டம் போடுவதும் சூழ்வதுதான். அக்கா சரியில்லாதபோது தங்கையைக் கூப்பிட வேண்டியதுதான். என் சூழ்ச்சி எளிமையானது: ஆடி பிறக்கும்வரை பதில் சொல்லாமல் இழுத்தடிப்பது. ஆடி பிறந்துவிட்டால் குடித்தனக்காரரை அனுப்ப மங்காத்தம்மாவே சம்மதிக்க மாட்டார். ஆடியில் வீடு காலியானால் கெடுதல் போகிறவருக்கா, வீட்டுக்கா என்பது யாருக்கும் தெரியாதில்லையா? ஆவணி ஒன்றாம் தேதி வரை எனக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

அன்றுமுதல் அந்தம்மா பின்கட்டுப் பக்கம் வந்தால் நான் குளித்துக்கொண்டிருந்தேன், இல்லையென்றால் எனக்குத் தலைவலி. என் கணவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு நாள் பேப்பரைக் கீழே வைத்தார்.

"நீ ஒரு நாளைக்கு இத்தனை தடவை குளிச்சா கிணத்தடி சேறாகாம என்னடி பண்ணும்?"

ஷூ சைஸ்

இன்டர்வியூ நாள் வந்தது. கன்னியப்பனுக்கு நான் நாலு வாக்கியத்தில் என்விரான்மென்ட்டை உருட்டித் திரட்டிக் கொடுத்திருந்தேன். வட்டம், சுற்றிலும், நிலைமை, காற்று தண்ணீர். தூக்கத்திலும் சொல்கிறான் என்று அவன் தங்கியிருக்கும் வீட்டில் புகார். சட்டைப் பையில் புதுப் பேனா குத்திக்கொண்டு போனான்.

சாயங்காலம் திரும்பி வந்தவன் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன கேட்டார் என்றேன். மானேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி, 'வாட் இஸ் யுவர் ஷூ சைஸ்?' லைன் லீடருக்குப் பாதுகாப்பு ஷூ கொடுக்க வேண்டுமாம், அதற்காம். இவன் 'செவன் சார்' என்றிருக்கிறான். 'ஓகே, யூ மே கோ' என்று அவர் கையைக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான் இன்டர்வியூ. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக இந்த ஊரில் காகம்கூட என்விரான்மென்ட் என்று கரைந்துகொண்டிருந்ததே!

ஆனால் கன்னியப்பன் எழுந்திருக்கவில்லையாம். 'சார், ஒன் மினிட். என்விரான்மென்ட் மீன்ஸ்...' என்று ஆரம்பித்து, நாலு வாக்கியத்தையும் அவன் தொண்டையில் முழுதாகச் சொல்லி முடித்திருக்கிறான். கேன்டீன்வரை கேட்டதாம். மானேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். வேலை கிடைத்துவிட்டது. ஷூவும் வந்துவிட்டது, அது மட்டும் எட்டு சைஸ். கேட்காத கேள்விக்கு எதற்குப்பா பதில் சொன்னாய் என்றேன்.

"பட்ச்சத வீணாக்க மனசு வரல டீச்சர். அந்தாளுக்கும் யாரும் இதுவரிக்கும் சொல்லல போலகீது, ஆன்னு கேட்டாரு."

டியூஷன் கேட்டு வந்தவர்

ஆனி மாதக் கடைசி. ஆடிக்கு இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்த சாயங்காலம், வகுப்பு நடக்கும்போது வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் வந்தார். குன்றத்தூராம். பையனுக்கு இங்கிலீஷ் டியூஷன் வேண்டுமாம். பாயில் இடம் போட்டு உட்காரச் சொன்னேன். அவரோ என்ன கிழமை, எத்தனை மணி, என்ன பாடம், எதையும் கேட்கவில்லை. "வூட்டுக்காரம்மா எப்டி? பொண்ணு ஒண்ணுதானா? யாரெல்லாம் வந்து போறாங்க?" என்று முன்கட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன். சம்பந்தம் பேசுமுன் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்திருக்கிறார். நம் ஊரில் பெண்ணைப் பற்றிப் பெண்ணிடமா கேட்பார்கள்? சுற்றி இருக்கிறவர்களிடம்தானே கேட்பார்கள்!

அந்த நேரம் பார்த்துத்தானா கிணற்றடியிலிருந்து மங்காத்தம்மாவின் குரல் வரவேண்டும்! "எவண்டா அவன், செருப்ப நட்ட நடுவுல அவுத்து வுட்டது? மாடு இடறி வுழுந்தா எவன் பதில் சொல்லுவான்? கண்ணு பொடனிலயா கீது?" பையன்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் செருப்பெல்லாம் அதிசயமாக அன்றைக்கு ஓரமாகக் கிடந்தது. நட்ட நடுவில் கிடந்தது புதுத் தோல் செருப்பு. பெரியவர் தன் வெறுங்காலை வேட்டிக்குள் மெதுவாக இழுத்துக்கொண்டார். "எப்பவும் இப்டித்தானா?" என்றார், குரல் இறங்கி.

சகோதரிகளே, உங்களிடம் மறைக்கமாட்டேன். அப்போது நான் ஒரு பெருமூச்சு விட்டிருந்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். புருவத்தை இப்படித் தூக்கி இப்படி இறக்கினால், குன்றத்தூர் சம்பந்தம் குன்றத்தூரிலேயே நின்றுவிடும். பிள்ளை வீட்டார் வரவில்லை என்றால் செருப்புப் பிரச்னையும் கொஞ்ச நாளைக்கு ஆறிப்போகும். முன்கட்டில் தையல் மெஷின் சத்தம் நின்றுவிட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வசந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள் என்று தெரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியப்பன் திறந்துவிட்டான். "ஆமா சார், டெய்லி திட்டுதான். எங்க எல்லாருக்கும் உண்டு. ஆனா எங்கள்ல ஒருத்தன்கூட இதுவரிக்கும் அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்ததில்ல, அந்தம்மா வாய் அப்டி!" இது பாராட்டா, புகாரா? பெரியவருக்கும் விளங்கவில்லை. அப்போது மூலையிலிருந்து யேசுதாஸ் பேசினான். "கெணத்தடில அண்டா கீதே சார், அத நாங்க வர்றதுக்கு முன்ன தெனமும் அந்தம்மா சேந்தி ரொப்பி வெச்சிருக்கும். ஷிப்ட்டு முட்ச்சி எண்ணெக் கையோட வர்றமில்ல. அப்பால நாங்க அந்தத் தண்ணில கால் கழுவுவோம், அது சேறாவுதுன்னு திட்டும்." அந்த அண்டா மாட்டுக்கு என்றுதான் நான் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க டீச்சரம்மா. நீங்கதான் கூடவே இருக்கறவங்க." இப்போது மாட்டிக்கொண்டேன். "என்னை வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார், இன்னும் இரண்டு நாள்தான் கெடு. அதனால் என் பேச்சை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தண்ணீரும் வைத்துவிட்டுத் திட்டவும் செய்கிற வீட்டில் வளர்ந்த பெண்ணை எடுக்க யோசிக்க வேண்டியதில்லை. எனக்கு ஒரு பிள்ளை இருந்தால் நானே கேட்டிருப்பேன்" என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன். நல்ல வார்த்தை சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வரும். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பத்து வூட்டுல விசாரிக்கலாம்னு வந்தேன். காலி பண்ணச் சொன்னவங்களப் பத்தியே நல்லதா சொல்றீங்க, இனி யாரக் கேக்கறது? நான் போறேன், அந்தம்மா அந்தாண்ட போனதும் யாராவது என் செருப்ப எடுத்துக் குடுங்கப்பா."

சத்தமில்லாத ஆடி

ஆடி பிறப்பதற்கு முதல் நாள் பூ வைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணம் ஆவணியில். அந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வாய் சும்மா இருக்காமல், "சம்பந்தியம்மா, அன்னிக்கு நடுவுல செருப்பு வுட்டது நான்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்திருக்கிறார். மங்காத்தம்மா அப்படியே உறைந்துபோனாராம்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? அந்தம்மா வாயே திறக்கவில்லை. சைக்கிளை வழியில் சாத்தினாலும் சத்தமில்லை. சேறானாலும் சத்தமில்லை. வீடு விஷயத்தையும் பேசவில்லை, போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. ஆவணி ஒன்றாம் தேதிக்காகப் பேசாமல் காத்திருக்கிறாரோ? பையன்களுக்கோ அதைவிட மோசம். மாட்டுக்கு வழிவிட்டு சைக்கிளை நிறுத்தினார்கள், செருப்பை ஜோடி ஜோடியாக அடுக்கினார்கள், கிணற்றடியில் உடைந்த ஓடு பரப்பினார்கள். எதற்கும் பலனில்லை. டிக்டேஷன் போட்டால் எல்லோரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னதான் உங்களுக்கு என்று சுப்பையாவை அதட்டினேன்.

"என்னத்தச் சொல்லுதது டீச்சர், அந்தம்மா வையாம எழுதுனா ஸ்பெல்லிங்கே வரமாட்டேங்கு."

பத்திரிகை

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தபோது மங்காத்தம்மா பின்கட்டுக்கு வந்தார். குளிக்க ஓட நேரமில்லை, நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு மஞ்சள் காகிதம். சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன். கல்யாணப் பத்திரிகை. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்துத் தர வேண்டுமாம். "அச்சாபீஸ்காரன் வசந்தாக்குத் துணைக்கால் போடாம வசந்தன்னு போட்டு ஆம்பளையாக்கிட்டா இன்னா பண்றது?" கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். பிழை ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவரோ கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்க இஷ்டமில்லாத பொருளுக்கு விலை கேட்பது மாதிரி மெதுவாகப் பேசினார். "உன் பசங்க அல்லாரும் கல்யாணத்துக்கு வரணும். பந்தி பரிமாற ஆள் பத்தாது. அப்பறம் பின்னாடி செவுத்துல நாலு ஆணி அடிச்சித் தரேன், சட்டையக் கழட்டி மாட்டிக்கட்டும். கெணத்தடில எண்ணெயோட வந்து நிக்கறானுங்க." வருகிறவர்களுக்கு ஆணி அடித்துத் தருகிறார் என்றால் வகுப்பு நடக்கும், நாங்களும் இருக்கிறோம் என்று அர்த்தம். அதற்கு மேல் தெளிவாக அந்தம்மாவுக்குச் சொல்லத் தெரியாது.

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரும்பியவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல நின்றார். "ஏன் டீச்சரம்மா, ரெண்டு மாசமா செவுத்துக்கு அந்தாண்ட என்விராமெண்டு என்விராமெண்டுன்னு கத்திகினு கெடந்தீங்களே, அப்டின்னா இன்னா?" பிரெஞ்சு, வட்டம், கோட்டை எல்லாம் தொண்டைவரை வந்தது. பிறகு அவர் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தேன். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் இருக்கும் அந்த வரி: தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து. சுற்றி இருப்பது சுற்றம், கூடி நிற்பது சூழ. ஒரு மாதம் அலமாரிக் கதவைப் பாழாக்கி நான் போட்ட வட்டத்தை, யாரோ எந்தக் காலத்திலோ ஒரே வரியில் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விரலை வைத்துக் காட்டினேன், "இதுதான்" என்றேன். அவர் காகிதத்தைத் தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி, அந்த வரியைப் படித்து முடித்தார். ஆடி மாதம் முழுக்கக் காணாமல்போயிருந்த அந்தக் குரல் அப்போதுதான் திரும்பி வந்தது.

"இத்த சொல்றதுக்கா ரெண்டு மாசமா அந்தக் கத்து கத்தின?"

டீச்சர் தொழிலில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: எந்த வார்த்தைக்கு நாம் அகராதியில் அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறோமோ, அது பெரும்பாலும் பக்கத்துப் போர்ஷனிலிருந்து நம்மைத் திட்டிக்கொண்டிருக்கும்.